அட்டை தொலைந்துவிட்டது: தடுப்பூசியை மறுபடி போடுவதா, ரத்தம் கொடுத்துப் பார்ப்பதா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து அண்ணி எடுத்த பையில் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தின் நகல், மகளின் தடுப்பூசி அட்டை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. ரேஷன் கார்டுக்கும் பத்திரத்துக்கும் அலைந்து நகல் வாங்கினார்கள். தடுப்பூசி அட்டையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பெண்ணுக்கு அப்போது 13 வயது. ஊசி போடும் காலமெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

2024-ல் அவளுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. பல்கலைக்கழகம் அனுப்பிய படிவத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி இரண்டு தவணை போட்டதற்குத் தேதியோடு சான்று கேட்டிருந்தார்கள். வீடு மூன்றாகப் பிரிந்தது. அண்ணன், பழைய டாக்டரைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்றார். மகள், "ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுத்துக்கலாம் அத்தை, எதுக்கு வீணா ஊசி?" என்றாள். அண்ணி பயந்தே போனார்: "எல்லா ஊசியும் சின்ன வயசுலயே போட்டாச்சு. போட்டதையே மறுபடி போட்டா உடம்பு தாங்குமா?"

அதே மாதம் எங்கள் மாடி வீட்டுக்குத் திருப்பூரிலிருந்து குடிவந்த குடும்பத்துக்கும் இதே சிக்கல். வீடு மாற்றியதில் மூன்று வயதுப் பையனின் அட்டை எங்கேயோ போய்விட்டது, பள்ளியில் கேட்கிறார்கள். இரண்டு வீட்டுக்காகவும் டாக்டரிடம் போய் உட்கார்ந்து, படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான தடுப்பூசிகளை மறுபடி போட்டுக்கொள்வதால் ஆபத்து இல்லை. எண்ணிப் போட வேண்டிய ஊசி ஒன்று உண்டு. அது அண்ணி பயந்த எம்எம்ஆர் அல்ல.

முதலில் அட்டையைத் தேடும் வழி. சின்னக் குழந்தை என்றால் இது பலன் தரும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே பிக்மி எண் என்ற அரசுப் பதிவு எண் கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் குழந்தைகளின் பதிவேடு இருக்கும். இப்போது மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னிலும் ஏற்றுகிறார்கள். மாடி வீட்டுப் பையனுக்கு ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் மூன்று தவணையும் திருப்பூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் போட்டவை. அவன் அம்மா போன் போட்ட மறுநாளே அந்தச் செவிலியர் பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு போட்டதெல்லாம் தனியார் கிளினிக்கில். அங்கே பதிவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, பாதி கிடைத்தது.

அண்ணன் மகள் விஷயத்தில் அந்தப் பாதியும் கிடைக்கவில்லை. ஊசி போட்ட டாக்டர் எப்போதோ தொழிலை விட்டுவிட்டார். கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வேறொரு டாக்டர் தெரிந்தவர் என்ற முறையில் தோராயமாகத் தேதி போட்டு எழுதித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தக் காகிதம் படிவத்தைத்தான் நிரப்பும், பெண்ணின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை நிரப்பாது. விடுதியில் ஒருவருக்குத் தட்டம்மை வந்தால் அந்தக் காகிதத்தை நம்பி அவளையும் பாதுகாப்பானவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

தேடும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. பழைய அட்டை கிடைத்திருந்தாலும் இந்தப் படிவத்துக்கு உதவியிருக்காது. 2002-ல் பிறந்த குழந்தைக்கு அரசு அட்டவணையில் இருந்தது ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி ஒன்றுதான். இரண்டாவது தவணை 2010-லிருந்துதான் சேர்ந்தது. அமெரிக்காவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தவணையைக் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் மிச்சம் இருக்கும்போது ஊசி முழுதாகப் பிடிக்காது என்பது காரணம். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றில் 85 குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு வயதுக்கு மேல் போட்டால் 95 பேருக்கு. நம் ஊரில் தட்டம்மை சீக்கிரமே வந்துவிடும் என்பதால் காத்திருக்காமல் ஒன்பது மாதத்தில் போடுகிறோம். இரண்டு நாடும் செய்வது சரிதான், சூழ்நிலைதான் வேறு. அப்புறம், பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி நம் அரசு அட்டவணையில் இன்றைக்கும் கிடையாது. இப்போது போடுவது தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் மட்டுமான எம்ஆர். தனியாரில் எம்எம்ஆர் போட்டிருந்தால் ஒழிய, அரசு அட்டை பத்திரமாக இருப்பவர்களும் வெளிநாட்டுப் படிப்புக்குப் போகும்போது எம்எம்ஆர் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதனால் தேடுவதற்கு ஒரு வாரம் போதும். அதற்குமேல் தேடினால் நாள்தான் போகும்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ஐஜிஜி ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) அளவைப் பார்ப்பது. கேட்பதற்கு இதுதான் அறிவான வழி போலத் தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் இந்தச் சோதனையின் மதிப்பு வேறு.

சின்னம்மைக்கு இது நல்ல வழி. நம் வீடுகளில் "அவளுக்கு அம்மை போட்டிருக்கு" என்று சொல்வார்கள். எந்த அம்மை? சின்னம்மையா, மணல்வாரி என்கிற தட்டம்மையா, வேறு ஏதாவது காய்ச்சலில் வந்த தடிப்பா? அண்ணியிடம் கேட்டேன். வேப்பிலை படுக்கை நினைவிருக்கிறது, மூன்று தண்ணீர் ஊற்றியது நினைவிருக்கிறது, மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றியது நினைவிருக்கிறது. கொப்புளத்தில் நீர் கோத்திருந்ததா என்று கேட்டால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. சின்னம்மை வந்து போயிருந்தால் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும், சோதனையிலும் தெரியும். சின்னம்மை ஊசி விலை கூடியது, அதிலும் இரண்டு தவணை. ஒரு சோதனை அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம். அவளுக்கு மிச்சப்படுத்தியது.

எம்எம்ஆரில் கணக்கு தலைகீழ். மூன்று நோய்க்கும் தனித்தனிச் சோதனை. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஊசியின் விலையைத் தாண்டிவிடும். அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி ஊசி போட்டதாகவே யாருக்கும் நினைவில்லை. மூன்றில் ஒன்று இல்லை என்று வந்தாலும் எப்படியும் எம்எம்ஆர்தான் போட வேண்டும். பிறகு எதற்கு முதலில் சோதனை?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-யில் நம்மைக் குழப்பக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று பொருள். ஆனால் குழந்தையில் மூன்று தவணையும் ஒழுங்காகப் போட்டவர்களுக்கே இருபது வயதில் அளவு 10-க்குக் கீழே போயிருக்கலாம். அதற்காகப் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. உடம்பின் நினைவு அப்படியே இருக்கும், ஒரே ஒரு தவணை போட்டால் அளவு சட்டென்று எகிறும். அட்டை இருப்பவர் இந்த எண்ணைப் பார்த்துக் கலங்கத் தேவையில்லை. அட்டை இல்லாதவருக்கு அளவு குறைவாக வந்தால், ஊசி போட்டதா, போடவே இல்லையா என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அண்ணன் மகளுக்கு அளவு குறைவாகத்தான் வந்தது. டாக்டர் ஒரு தவணை போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தார். நன்றாக ஏறியிருந்தது. மீதித் தவணைகள் வேண்டியிருக்கவில்லை.

கக்குவான் இருமலுக்கோ பாதுகாப்பு இவ்வளவு என்று சொல்லும் அளவே கிடையாது. போலியோவுக்கும் சோதனை எளிதில் கிடைக்காது. ஆகவே "ஒரே டெஸ்ட்ல எல்லாம் தெரிஞ்சுடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, அண்ணியின் பயத்துக்கு வருகிறேன். போட்டதையே மறுபடி போட்டால் என்ன ஆகும்?

எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. அது உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி உருவாகும். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவர் உடம்பில் அந்தக் கிருமி நுழைந்ததுமே ஆன்டிபாடி அதை மடக்கிவிடும், பெருக விடாது. ஊசி போட்டு ஐந்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் சிலருக்கு வரும் காய்ச்சலும் தடிப்பும்கூட எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு வருபவைதான். ஏற்கெனவே பிடித்தவர்களுக்கு அவை குறைவு. மறுதவணையால் உடம்புக்குப் பாரம் கூடுவதில்லை, இன்னும் சொன்னால் குறைகிறது. இதைக் கேட்டபோது அண்ணியின் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

இதெல்லாம் புத்தகக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம், நம் கண்ணெதிரேயே நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் எம்ஆர் ஊசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் ஒரு தவணை. முன்பே போட்டிருந்தாலும் போட வேண்டும் என்பதுதான் விதியே. அப்போது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளைப் பார்த்துப் பயந்து பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. கெடுவை நீட்ட வேண்டியிருந்தது. அண்ணன் மகளுக்குப் பள்ளியில் போட்டு இடது கட்டைவிரலில் மை வைத்தார்கள். அண்ணியே மறந்திருந்த விஷயம் இது, பேசிக்கொண்டிருந்தபோது அவள்தான் ஞாபகப்படுத்தினாள். "அப்போ நீங்க பயந்தது ஏற்கெனவே ஒரு தடவை நடந்தாச்சும்மா" என்றாள்.

போலியோ சொட்டு மருந்தும் அப்படித்தான். 1995-ல் பல்ஸ் போலியோ தொடங்கிய பிறகு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அட்டையில் எத்தனை தவணை இருந்தாலும் ஒவ்வொரு முகாமிலும் இரண்டு சொட்டு வாங்கிச் சுண்டுவிரலில் மையோடு வந்தார்கள். ஒரு பிள்ளைக்கே இருபது தவணைக்கு மேல் போன வீடுகள் உண்டு. அப்படித் திரும்பத் திரும்பக் கொடுத்துத்தான் 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்த நோயாளியோடு இந்தியாவில் போலியோ நின்றது. 2022 நவம்பரில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோதும், ஆபத்தான பகுதிகளில் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒரு தவணை போடச் சொன்னது மத்திய அரசு.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த ஒன்று. ரண ஜன்னி ஊசி. டிடி என்று நாம் சொல்வது.

வண்டியிலிருந்து விழுந்தால் டிடி. ஆணி குத்தினால் டிடி. அரிவாள்மனையில் விரல் கீறினால் டிடி. போன வருடம் போட்டோமா என்று யாரும் கேட்பதில்லை, போடுபவரும் கேட்பதில்லை. உண்மையில் அடிப்படைத் தவணைகள் முடிந்தவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால் பத்து வருடத்துக்குள் மறுபடி தேவையில்லை. மண்ணும் அழுக்கும் பட்ட காயம் என்றால் ஐந்து வருடம். இதில் இருப்பது உயிருள்ள கிருமி அல்ல, செயலிழக்கச் செய்த நஞ்சு. ஆன்டிபாடி நிறைய இருக்கும் உடம்பில் இதைச் சீக்கிரம் சீக்கிரம் ஏற்றினால், ஊசி போட்ட இடத்தில் அந்த ஆன்டிபாடியும் மருந்தும் சேர்ந்து கட்டி, சில மணி நேரத்தில் தோளிலிருந்து முழங்கை வரை கை வீங்கிச் சிவந்து கடுமையாக வலிக்கலாம். ஆர்தஸ் எதிர்வினை என்பார்கள். அரிதுதான், சில நாளில் தானே வடிந்துவிடும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒருமுறை அப்படி வந்தவர் அடுத்த பத்து வருடத்துக்கு இதைத் தவிர்க்க வேண்டும். தடுப்பூசியை மறுபடி போட்டால் என்ன ஆகுமோ என்று பயப்படும் நாம், எண்ணிப் போட வேண்டிய இந்த ஊசியை மட்டும் எண்ணாமல் போட்டுக்கொள்கிறோம். டிடி போட்ட ஒவ்வொரு முறையும் தேதியைப் போனில் குறித்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாடி வீட்டுப் பையன் விஷயத்தில் இந்த எண்ணிக்கைதான் முக்கியமாகிவிட்டது. பென்டாவேலன்ட் ஊசிக்குள் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றும் அடக்கம். பதிவேட்டில் இருப்பது மூன்று தவணை. ஒன்றரை வயது பூஸ்டர் கிளினிக்கில் போட்டது என்று அம்மா சொல்கிறார்: தொடையில் ஒன்று, கையில் ஒன்று, அன்றிரவு காய்ச்சல், இரண்டு நாள் காலை ஊன்றாமல் நொண்டினான். எழுத்தில் இல்லை. வாய்மொழியை நம்பி விட்டுவிடுவதா, மறுபடி போடுவதா? டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். பதிவில் மூன்று, சந்தேகத்தில் ஒன்று, இப்போது ஒன்று, ஐந்து வயதில் பள்ளிக்கூடத் தவணை ஒன்று, மொத்தம் ஆறு. ஏழு வயதுக்குள் ஆறுக்கு மேல் போக வேண்டாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். ஆறோடு நிற்கிறது, போடலாம். போன தடவை தொடை பெரிதாக வீங்கியதா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். இல்லை, காய்ச்சலும் வலியும்தான். அப்படிப் பெரிய வீக்கம் வந்திருந்தால் முதலில் ரத்தத்தில் ரண ஜன்னி ஆன்டிபாடியைப் பார்த்திருப்பேன் என்றார். சோதனை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் அது.

காசநோய்க்கான பிசிஜி ஊசி பற்றி யோசனையே தேவைப்படவில்லை. இடது புஜத்தில் தழும்பு இருந்தது. தழும்பு இல்லாவிட்டாலும் மறுபடி போட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 1968-ல் தொடங்கி நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. அதன் பயன் பச்சிளம் குழந்தைக்கு மூளைக்காசம் போன்ற கொடிய வடிவங்கள் வராமல் காப்பதில்தான். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் வயது வரம்பு உண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சே இல்லை.

மறுபடி போடக் கூடாதவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் கூடாது. போட்டுக்கொண்டால் ஒரு மாதத்துக்குக் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் உயிருள்ள கிருமி ஊசிகளைத் தவிர்க்க வேண்டும். முன்பு ஏதாவது ஊசி போட்டதும் மூச்சுத் திணறி உடம்பெல்லாம் தடித்து மயங்கியவர் அதே ஊசியை மறுபடி போடக் கூடாது. அண்மையில் ரத்தம் ஏற்றியவர்கள் சில மாதம் பொறுக்க வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களைத் தவிர, இதில் எதிலாவது நீங்கள் வந்தால் ரத்தப் பரிசோதனைதான் உங்களுக்கு முதல் வழி. கல்யாணம் ஆகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கும் ருபெல்லா சோதனை மதிப்புள்ளது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும்.

எதுவும் செய்யாமல் விடுவது நான்காவது வழி. "அதெல்லாம் அப்பவே போட்டாச்சு" என்று அட்டை இல்லாமலே இருந்துவிடுவது. இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் தட்டம்மை நோயாளியோடு பழகினால் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். மற்ற மூன்று வழிகளிலும் நாம் இழப்பது கொஞ்சம் பணமும் இரண்டு நாள் கைவலியும். இதில் இழப்பது பிள்ளையின் நுரையீரலாகவோ மூளையாகவோ இருக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மகளுக்குச் சின்னம்மைக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் ரத்தப் பரிசோதனை. எம்எம்ஆர் நேராக இரண்டு தவணை, நடுவில் 28 நாள். டிடி இரண்டு வருடம் முன்பு ஸ்கூட்டரில் விழுந்தபோது போட்டிருந்தாள். ஆனால் படிவத்தில் கக்குவானும் சேர்ந்த டிடாப் கேட்டிருந்தார்கள், அவள் அதைப் போட்டதே இல்லை. போன டிடிக்குக் கை வீங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு டாக்டர் போட்டார். ஒரு நாள் கை கனத்தது, அவ்வளவுதான்.

வரிசையில் ஒரு தவறு நடக்க இருந்தது, வெளிநாடு போகும் பிள்ளைகள் வீட்டில் கவனிக்க வேண்டியது இது. பல்கலைக்கழகம் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறது. பிசிஜி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் சோதனை நோயில்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும், ஆகவே குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனைதான் நமக்கு நல்லது. ஆனால் எம்எம்ஆர் போட்ட சில வாரங்களுக்கு இந்தச் சோதனைகளின் முடிவு மழுங்கலாம். ஊசி போடும் அன்றைக்கே ரத்தம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். விசா நேர்காணல், டிக்கெட் என்று நெருக்கும்போது அந்த நான்கு வாரம் பெரிய விஷயம். டாக்டர் அறையில் ஊசி எடுத்து வைத்த பிறகுதான் அண்ணி படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, முதலில் கீழே லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மாடி வீட்டுப் பையனுக்கு அன்று டிபிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமான ஊசி) தொடையில், எம்ஆர் கையில். இரண்டாவது எம்ஆர் நான்கு வாரம் கழித்து. புது அட்டையில் செவிலியர் ஊசியின் பெயர், பேட்ச் எண், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன் அம்மா அங்கேயே நின்று இரண்டு பக்கமும் படம் எடுத்து, அவன் அப்பாவுக்கும் பாட்டிக்கும் எனக்கும் அனுப்பினார்.